பொருத்தின கையும் கழுவின கையும்

தீட்டு எந்த நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது என்று கேட்டால் சாஸ்திரம் தெரிந்தவர்கள் ஏதாவது பதில் வைத்திருப்பார்கள். நான் அவர்களிடம் கேட்கப் போவதில்லை. ஒரு வாஷ்பேசினை வைத்துக்கொண்டு நமக்குள்ளேயே கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சிரிக்க வேண்டாம். கிணறு, குளம், தேர், தெரு, சுடுகாடு, டீக்கடை டம்ளர் எல்லாவற்றையும் பற்றி நாம் எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம், அடியும் பட்டிருக்கிறோம். அதெல்லாம் ஊர் நடுவே கிடக்கிற விஷயங்கள். வீட்டுக்குள்ளே, கூடத்து ஓரத்தில், கண்ணாடிக்குக் கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இந்த வெள்ளைப் பீங்கான் தொட்டி நம் பேச்சில் வந்ததே இல்லை.

ஆனால் திருமுக்கூடல் பக்கத்துக் காலனிகளில் எத்தனையோ பையன்களுக்கு இன்று அதுதான் சோறு போடுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்பதால் ஊருக்கு அந்தப் பெயர். ஆற்றில் தண்ணீர் போய், அப்புறம் மணலும் போனது. கழனிக் கூலி அத்துப்போச்சு. கல் குவாரிக்கும் கிரஷருக்கும் போனவர்கள் போக மிச்சப் பேர் வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஒரகடம் என்று கட்டட வேலைக்குப் போகிறார்கள். எங்க சித்தப்பா முப்பது வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறவர். அவரோடு எங்க அத்தை மகன் ஒருவன் போகிறான். 22 வயசு, ஐ.டி.ஐ. முடித்தவன். நான் சொல்லப் போகிற விவகாரம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிறது. அதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை தெரியாமல் இந்தக் கேள்வி புரியாது.

பேசினை மாட்டுவது என்றால் ஏதோ காலண்டர் மாட்டுவது மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பீங்கான் தனியாகவே பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். அதில் தண்ணீர் நிற்கும். அதன்மேல் ஒருத்தன் காலையில் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு கையையும் ஊன்றிக் குனிவான். அவன் பாரமெல்லாம் விளிம்பில் விழுந்து, பேசினைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அந்த இழுப்பைத் தாங்குவது சுவருக்குள் புதைந்திருக்கும் இரண்டு போல்ட்டு மட்டும்தான். அதனால் சித்தப்பா பேசினைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பார். முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். ஒன்பது அங்குலச் சுவரா, நாலரை அங்குலத் தடுப்பா? பூச்சு உள்ளே விட்டிருக்கிறதா? துளை செங்கல்லில் விழ வேண்டும், இரண்டு செங்கல்லுக்கு நடுவில் கலவையில் விழக்கூடாது. “செவுரு ஒத்துக்கினாதான் பேசினு நிக்கும். நம்ம ஒத்துக்கினா போதாது” என்பார்.

தரையிலிருந்து விளிம்புக்கு 32 அங்குலம் என்று ஒரு கணக்கு. ரசமட்டம் வைத்துக் கோடு போட வேண்டும். அந்தக் காலத்தில் சுவரைக் கொத்தி, இரும்பு பிராக்கெட்டை உள்ளே விட்டு சிமென்ட் வைத்து மூடி, அது இறுகுகிறவரை பேசினை ஏற்ற மாட்டார்கள். இப்போது டிரில் மிஷினால் துளை போட்டு, பிளக் அடித்து, போல்ட்டைச் சொருகி, வாஷர் போட்டு, நட்டை முடுக்குகிறார்கள். முடுக்குவதில்தான் கை தெரியும். குறைவாக முடுக்கினால் ஆடும். கூடுதலாக முடுக்கினால் பீங்கான் விரிசல் விட்டுவிடும், கூலியும் போய்விடும். பிறகு சுவரும் பேசினும் சேருகிற இடுக்கில் வெள்ளை சிமென்ட்டு. கீழே வேஸ்ட் கப்ளிங், பாட்டில் டிராப். இந்த டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். சாக்கடையின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான். மேலே ஜொலிக்கிற வெள்ளைக்கும் கீழே ஓடுகிற கழிவுக்கும் நடுவில் ஒரு கை அளவு தண்ணீர்! தீட்டு பார்க்கிற வீடுகளில் இதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை போலும். டிராப் அடைத்துக்கொண்டால் அதைத் திருகித் திறந்து, முடியும் சளியும் சோற்றுப் பருக்கையும் கலந்த அந்தக் கருப்புச் சகதியை எடுத்துப்போட யாரைக் கூப்பிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

வேலையின் கடைசிக் கட்டம் சோதனை. துளையை அடைத்துப் பேசினை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். கீழே காய்ந்த பேப்பரைப் போட்டு ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒட்டியிருக்கும் சிமென்ட்டைத் தேய்த்துக் கழுவி, தன் கையையும் அதிலேயே கழுவி... ஆக, காஞ்சிபுரத்து மாடி வீடுகளில் இருக்கிற எந்தப் பேசினாக இருந்தாலும் அதில் முதலில் கை கழுவியவன் அதைப் பொருத்தினவன்தான். எந்தச் சாதிக்காரன் வீடு என்பது பொருட்டே இல்லை. முதல் தண்ணீர் கூலிக்காரன் கையில்தான் விழுந்தது.

இங்கேதான் என் கேள்வி. அந்தக் கை படும்போது தீட்டு எங்கே போயிருந்தது? காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பீங்கானை மார்போடு அணைத்துத் தூக்கியவன், அதன் வயிற்றைத் தடவியவன், துளைக்குள் விரலை விட்டவன், கடைசி நட்டை முடுக்கி முடித்ததும் எப்படித் தீண்டத்தகாதவன் ஆகிறான்?

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டு வியாபாரம் செய்கிற ஒரு குடும்பம் எங்கள் பக்கம் வீடு கட்டியது. யார் என்று எழுதப் போவதில்லை. எந்த வீடாக இருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும் என்பதால் பெயர் தேவையுமில்லை. குழாய் வேலை மொத்தமும் சித்தப்பாவுக்கு. மூன்று மாச வேலை. நல்ல மனுஷர்கள், கூலி பாக்கி வைத்ததில்லை என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்வார். புதுமனை புகுவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது கூடத்துப் பேசினை மாட்டி, சோதனை முடித்து, சாமானையெல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. வீட்டு அம்மா எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பேப்பர் கப். பையன் குடித்து முடித்தான், கையில் வெள்ளை சிமென்ட் காய்ந்துபோயிருந்தது, நேராகப் போய்ப் பேசினில் கழுவினான். சோதனைக்காக இல்லை. சோதனைதான் முடிந்துவிட்டதே. கையில் அழுக்கு இருந்தது, அதனால் கழுவினான். கழுவிவிட்டுக் கண்ணாடியில் தலையையும் ஒருமுறை கோதிக்கொண்டான்.

வீட்டுப் பெரியவர் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. “ஏம்பா தம்பி, வெளியில குழாய் இருக்குதே” என்றார். அவ்வளவுதான். சித்தப்பா உடனே, “சின்னப் பையன் ஐயா, தெரியாம செஞ்சுட்டான்” என்று சொல்லி அவனை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“தெரியாம இன்னா செஞ்சேன்? தெரிஞ்சிதான் கழுவனேன்” என்று அவன் ரோட்டில் வைத்துக் கேட்டிருக்கிறான். அந்த வாய்தான் இரண்டு பேருக்கும் நடுவில் இன்றுவரை கிடக்கிறது.

இதை நான் எங்கள் வாசகர் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் எதிர்க்கேள்வி போட்டார். அதை ஒதுக்க முடியாது. அவர் சொன்னது: இது சாதி விவகாரம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பொருளுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறான். கட்டில் செய்த தச்சன் அதில் படுத்துத் தூங்குகிறானா? தைத்த சட்டையை டெய்லர் போட்டுக்கொண்டு போகிறானா? வேலை முடிந்தது, பொருள் கைமாறியது, அப்புறம் அதைப் பயன்படுத்த அனுமதி வேண்டாமா? முதலாளித்துவச் சொத்துரிமையைச் சாதி என்று குழப்பிக்கொள்கிறீர்களோ?

நல்ல கேள்விதான். ஆனால் அதே நாள், அதே கூடத்தில், ஊர்த் தெருவைச் சேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார். அவரும் கூலிக்கு வந்தவர்தான். அவருக்கும் அந்தப் பேசின் சொந்தமில்லை. மதியம் சாப்பிடுவதற்கு முன்னால் அவர் அதில்தான் கை கழுவினார், வாயும் கொப்பளித்துத் துப்பினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. சொத்துரிமை அந்த எலெக்ட்ரீஷியனைப் பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டது, எங்க அத்தை மகனைப் பார்த்தபோது மட்டும் விழித்துக்கொண்டது என்றால் அதற்குச் சொத்துரிமை என்று பெயர் வைக்க எனக்கு மனசில்லை.

சோதனைக்காகக் கழுவின கையும், காப்பி குடித்துவிட்டுக் கழுவின கையும் ஒரே கைதான். நடுவில் ஒரு மணி நேரம்கூட இல்லை. முதல் தடவை அவன் அந்த வீட்டுக்காக நின்றான். இரண்டாவது தடவை தனக்காக நின்றான். தீண்டாமை என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தொடுவதை அது ஒருநாளும் தடுத்ததில்லை. நாற்று நடுகிற கை, மாட்டைக் குளிப்பாட்டுகிற கை, பிள்ளைப்பேறு பார்த்த கை, செங்கல் அறுத்த கை எல்லாம் தொட்டுக்கொண்டேதான் இருந்தன. தொண்டாகத் தொடலாம். ஒரு பொருளுக்கு முன்னால் அந்த வீட்டுக்காரன் நிற்கிற மாதிரியே நின்று, அவன் செய்கிறதையே தனக்காகச் செய்யும்போதுதான் ‘வெளியில குழாய் இருக்குதே’ என்று குரல் வரும். கண்ணாடியில் தலை கோதியது கைகழுவியதைவிடப் பெரியவரை உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம்.

பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பல சாதியாரும் தறியில் உட்கார்கிறார்கள், எங்கள் ஆட்களும் கூலி நெசவுக்குப் போகிறார்கள். கோர்வைச் சேலை என்றால் கரையைக் கோர்க்கப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். இத்தனை கை பட்ட துணிதான் பூஜையறைக்குள் மடியாகப் போகிறது. பட்டுக்குத் தீட்டில்லை என்று சௌகரியமாக ஒரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டார்கள். புழுவைக் கொன்று எடுத்த நூல், யார் யாரோ நெய்த துணி, அது மடி! நெய்தவன் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் வரக்கூடாது.

திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 15 படுக்கையோடு ஒரு ஆதுலர் சாலை இங்கே நடந்திருக்கிறது. மருத்துவன், சல்லியம் செய்பவன், மூலிகை கொண்டுவருகிறவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதன், தண்ணீர் கொண்டுவருகிறவன் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவனின் பெயரும் கல்லில் இருக்கிறது. கோயில் ஆட்களுக்கும் அங்கே தங்கிப் படித்தவர்களுக்குமான சாலை அது. எம்.ஏ. படிக்கும்போது இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பாடம் கேட்டேன். சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் எழுந்து நின்று, “அந்தத் தண்ணிக்காரன் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பான் ஐயா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. இன்றைக்கும் நான் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, பேசினுக்கு வருவோம். ஏன் குறிப்பாகப் பேசின்? அது சுவரோடு சேர்ந்துவிட்ட பொருள் என்பதால்தான். சாதிக்குப் பெயர்த்து எடுக்கக்கூடிய பொருள்கள் என்றால் ரொம்பப் பிடிக்கும். டம்ளரைத் தனியாக வைக்கலாம். கொட்டாங்குச்சியைக் கூரையில் சொருகலாம். உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றலாம், செம்பு உதட்டில் படாது. மண்பானையில் கைபட்டால் போட்டு உடைக்கலாம். பித்தளையாக இருந்தால் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். பொருளுக்குப் பொருள் ஒரு பரிகாரம் எழுதி வைத்திருக்கிறார்கள். பீங்கானுக்கு என்ன செய்வது? மண்தான், ஆனால் எதையும் உறிஞ்சாத மண். உடைக்கலாம் என்றால் விலை அதிகம். தேய்த்துக் கழுவலாம் என்றால் அது எந்நேரமும் கழுவிக்கொண்டேதான் இருக்கிறது, அதன் தொழிலே அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, தள்ளி வைக்க முடியாது. இரண்டு போல்ட்டு சுவருக்குள் போய்விட்டது. யார் வந்தாலும் அது அங்கேயேதான் நிற்கும்.

குழாய்த் தண்ணீர் வந்தால் இதெல்லாம் போய்விடும் என்று நம்பியவர்கள் உண்டு. மார்க்ஸே 1853இல் எழுதினார், ரயிலும் அதன் பின்னால் வருகிற தொழிலும் சாதியின் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று. ரயில் வந்தது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று சாதியும் கூடவே வந்தது. அம்பேத்கர் படித்த பள்ளியில் குழாய் இருந்தது. ஆனால் அதை அவர் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. குழாய் கிணற்றைவிட நவீனமானதுதான், ஆனால் திறக்கிறவன் ஒருத்தன் நடுவில் நின்றுகொண்டான். இரண்டு டம்ளரை எதிர்த்துப் போராடினோம், இன்று பல கடைகளில் பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லாருக்கும் பேப்பர் கப்தானே, சமத்துவம்தானே என்கிறார்கள். ஊர்க்காரருக்கு எவர்சில்வர் டம்ளர் உள்ளேயிருந்து வருகிறதை நின்று பார்த்தவனுக்குத் தெரியும்.

எலியட் எர்விட் என்ற புகைப்படக்காரர் 1950இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒரே சுவர். அதில் இரண்டு குடிநீர்த் தொட்டி. வெள்ளையருக்கானது பெரிசு, புதுசு. கறுப்பருக்கானது சின்னப் பேசின். ஒரு கறுப்பு மனிதர் அந்தச் சின்னப் பேசினில் குனிந்திருக்கிறார். அங்கே பெயர் எழுதி மாட்டினார்கள். எழுதியதால் அதைக் காட்டிச் சண்டை போட முடிந்தது, 1964இல் சட்டம் போட்டு அந்தப் பலகைகளை இறக்கவும் முடிந்தது. நம் வீட்டுச் சுவர்களில் பலகை கிடையாது. ‘வெளியில குழாய் இருக்குதே’ என்ற ஒரு வாக்கியம் மட்டும். அதுவும் தகவல் சொல்கிற மாதிரி. உண்மையிலேயே வெளியில் குழாய் இருக்கத்தான் செய்கிறது! அதையும் சித்தப்பாதான் போட்டார்.

சட்டம் எதுவரை வரும்? எங்கள் செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று நிறைவேற வைத்தார். அதே 1924இல் மகாடு நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்த பிறகு, 108 பானையில் தண்ணீர் எடுத்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து மந்திரம் சொல்லிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். வழக்கு முடிய 1937 ஆயிற்று. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது, கிணறு, குளம், குழாய், படித்துறை எல்லாவற்றையும் சொல்கிறது. எல்லாம் பொது. வீட்டு வாசலில் வந்து சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் நடந்தது அதில் சேராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர் சாதிப் பெயரையே சொல்லவில்லை, ‘தம்பி’ என்றுதான் சொன்னார். ஆக, வழக்குக்கு இதில் ஒன்றுமில்லை. அதனால்தான் இதை அறம் பற்றிய கேள்வியாக வைக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதித் தர முடியாத ஒன்றை நாம் என்னவென்று அழைப்பது? ஒன்றுமே நடக்கவில்லை என்று விட்டுவிடுவதா?

பொதுவில் இருப்பதற்கே என்ன பாதுகாப்பு என்று கேட்பீர்கள். வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, அதே தலித் மக்களில் மூன்று பேர்மீது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. குழாய் என்பது எங்கிருந்து வருகிறது, யார் உயரத்தில் ஏறுகிறார்கள் என்பதெல்லாம் வேறு பெரிய கட்டுரை.

சித்தப்பாவின் பக்கம் நியாயம் இல்லையா என்றால், இருக்கிறது. அவரைக் கோழை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் வாதம் இது: “கை எங்க கழுவினா இன்னாடா? அழுக்கு போனா சரி. அவன் வூட்டு பேசின்ல கழுவிட்டா நம்ம ஒசந்துடுவமா? அந்த வூட்டுக்காரன் நாலு பேர்கிட்ட சொன்னான்னா வர்ற வேலை நிக்கும். மூணு குடும்பம் இத்த நம்பி கெடக்கு. உன் மானத்துக்கு நான் எதுக்குடா கூலி குடுக்கணும்?” மூன்று குடும்பம் என்பது உண்மை. அந்த வருஷம் அந்தக் குடும்பத்தின் சொந்தக்காரர் வீட்டு வேலை ஒன்று வர இருந்து, வராமல் போனதும் உண்மை. தன் மரியாதைக்கு விலை கொடுக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. அந்த விலையைக் கூட இருக்கிறவர்கள் தலையிலும் ஏற்றலாமா? இதற்கு நான் எளிதில் பதில் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். விலையை வைத்தது அவன் இல்லை. கை கழுவுவதற்கு மூன்று குடும்பத்துக் கூலி என்று விலைச்சீட்டு ஒட்டினது அந்த வீடு. கடன் வாங்காதவனைப் பார்த்து ஏன் வட்டி கட்டவில்லை என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, “எழுதறவனுக்கு இன்னா, எழுதிடலாம்” என்றார்.

கதை அதோடு நிற்கவில்லை. புதுமனை புகுவிழாவில் பசுவைக் கூடம்வரை கூட்டிக்கொண்டு போனார்கள், ஹோமம் வளர்த்தார்கள், தீர்த்தம் தெளித்தார்கள். வேலைக்காரர்களுக்கு வேட்டி துண்டு பின்கட்டில். எல்லாம் வழக்கம்தான். பத்து நாள் கழித்துப் பக்கத்து ஊர்க் காலனிக்காரர் ஒருவர், அவரும் குழாய் வேலைக்காரர், அந்தப் பேசினோடு சித்தப்பா வீட்டுக்கு வந்தார். ‘கலர் புடிக்கல’ என்று சொல்லி வேறு பேசின் மாற்றச் சொன்னார்களாம். வெள்ளையைக் கழற்றிவிட்டு வேறு வெள்ளையைத்தான் மாட்டியிருக்கிறார். “இத்த நீயே எடுத்துக்கினு போப்பா” என்று கொடுத்துவிட்டார்கள். புதுசில் சோதனைக்காக முதலில் கை கழுவினது யார் என்று கேட்டேன். “நான்தான், வேற யாரு?” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். பையன் சிரிக்கவில்லை.

இப்போது தகராறு அந்தப் பழைய பேசினைப் பற்றி. எங்கள் காலனிப் படிப்பகத்துக்கு வெளிச்சுவரில், ரோட்டைப் பார்த்த மாதிரி, ஒரு பேசின் வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. 2020இல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் கை கழுவு, கை கழுவு என்று டிரம் வைத்தார்கள், நாங்களும் ஒரு டிரம் வைத்தோம், உடைந்துபோச்சு. நல்ல பேசின் சும்மா கிடக்கிறதே, மாட்டிவிடலாம் என்றார் சித்தப்பா. பையன் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறான். “பழைய சோறு, பழைய துணி, இப்ப பழைய பேசினா? அத்த கொண்டாந்து மாட்னா, என் கை பட்டதால அது கெட்டுதுன்னு நானே கையெழுத்து போட்ட மாதிரி, மச்சான்.” சித்தப்பா கேட்கிறார்: “பீங்கானுக்கு இன்னாடா தெரியும்? அவன் தீட்டுன்னான்னு நீயும் ஒதுக்கிட்டா, அவன் சொன்னத்த நீயும் ஒத்துக்கினாப்பலதான?”

இரண்டு பேர் சொல்வதிலும் ஒரே கல்தான் இடறுகிறது. கழிசடையை வாங்கினால் அவன் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகிறது. வாங்காவிட்டாலும் அவன் தீர்ப்பின்படி அந்தப் பீங்கான் கெட்டதாகவே நிற்கிறது. நான் பையன் பக்கம். நம்ம சனங்களுக்கு எத்தனையோ நூறு வருஷமாக வந்ததெல்லாம் யாரோ வேண்டாம் என்று தள்ளினது. அறிவில் சித்தப்பா சொல்வது சரி என்று தெரிந்தும், அந்தப் பேசினில் எங்கள் பிள்ளைகள் முகம் கழுவுவதை நினைத்தால் எனக்கு ஒப்பவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. பெண்கள் பலரும் சித்தப்பா பக்கம், தண்ணீர் தூக்குகிறவர்கள் அவர்கள்தானே.

இப்போதைக்கு அந்தப் பேசின் சித்தப்பா வீட்டுப் பின்னால் வேலியோரம் கிடக்கிறது. சித்தி துளையில் துணியைச் சுற்றி அடைத்து, கோழிக்குத் தண்ணீர் வைக்கிறாள். புதுசு வாங்க வசூல் நடக்கிறது. படிப்பகத்துச் சுவரில் பையன் ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கும் எட்டட்டும் என்று 26 அங்குலத்துக்கு இறக்கி, இரண்டு துளை போட்டுப் பிளக்கும் அடித்துவிட்டான். சித்தப்பா அந்தப் பக்கம் போகும்போது நின்று, முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் மாட்டுங்கடா, ஓட்டையில கொளவி கூடு கட்டிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.